ஈயப் பாத்திரமும் லேண்ட் ரோவரும்

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலை உச்சியில், 2,668 அடி உயரத்தில் நெய்யும் திரியுமாக எரிகிறதே ஒரு கொப்பரை... அது செம்பு. அதையே அலுமினியத்தில் செய்திருந்தால்? எடை மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. தூக்கிக்கொண்டு மலையேறுகிறவர்களுக்குச் சுகம்தான். ஆனால், செம்பு உருக 1,085 டிகிரி சூடு வேண்டும். அலுமினியத்துக்கு 660 போதும். தவிர, இரும்பும் செம்பும் உருகுவதற்கு முன்னால் சிவந்து காட்டிக்கொடுக்கும். அலுமினியம் கடைசி விநாடி வரை அதே வெள்ளை முகத்தோடு இருந்துவிட்டு, திடீரென்று பொத்தலாகிக் கீழே விழும்!

பழைய கார்களின் அலுமினிய உடம்பைப் பற்றவைக்கிறவர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக இந்த அமுக்குணித்தனத்தோடுதான் மல்லாடுகிறார்கள்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1886-ல் அமெரிக்காவில் ஹால், பிரான்ஸில் எரூ என்று இரண்டு இளைஞர்கள், ஒருவரையொருவர் அறியாமலேயே, மின்சாரத்தின் உதவியால் அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த 12 வருஷத்தில் அது சென்னைக்கு வந்துவிட்டது. 1898-ல் பேராசிரியர் ஆல்ஃபிரட் சாட்டர்டன், சென்னை ஓவியப் பள்ளியில் (இன்றைய கவின்கலைக் கல்லூரி) அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தார். பித்தளைக்கும் செம்புக்கும் மாற்று. வியாபாரம் சூடுபிடித்து, 1903-ல் தனியார் கம்பெனிக்குக் கைமாறியது. நம் வீடுகளில் அதற்கு 'ஈயப் பாத்திரம்' என்று பெயர் வைத்தார்கள். ஈயத்துக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது!

உங்கள் வீட்டு அலுமினியச் சட்டியின் கைப்பிடியைப் பாருங்கள். பெரும்பாலும் ரிவிட் அடித்திருக்கும். பற்றவைத்திருக்க மாட்டார்கள். ஏன்? காற்றுப் பட்டதுமே அலுமினியத்தின்மேல் ஒரு மெல்லிய ஆக்ஸைடு தோல் படர்ந்துவிடுகிறது. துருப்பிடிக்காமல் காப்பது அதுதான். வெல்டரின் எமனும் அதுதான். அது உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். கொதிக்கிற பாலின்மேல் ஆடை மாதிரி, உள்ளே உலோகம் தண்ணீராகிவிட்டாலும் மேல்தோல் பிடிவாதமாக நிற்கும். இரண்டு துண்டும் ஒட்டாது.

இத்தனைக்கும் கார்க்காரர்கள் இதை விடவில்லை. மகாராஜாக்கள் ஆர்டர் கொடுத்த ரோல்ஸ் ராய்ஸ்களில் பலவற்றுக்கு அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித்தான் உடம்பு செய்தார்கள். 1948-ல் வந்த லேண்ட் ரோவரும் அப்படியே. போருக்குப் பிறகு பிரிட்டனில் எஃகுக்கு ரேஷன், அலுமினியம் கிடைத்தது. டார்ஜீலிங் பக்கம் சந்தக்ஃபூ மலைப்பாதையில் அந்தக் காலத்து லேண்ட் ரோவர்கள் 2000-களிலும் ஓடின.

இவற்றில் ஒரு மட்கார்டு கிழிந்தால் கடையில் போய் சுலபமாக வாங்கிவிட முடியாது. அவசரக்காரர் கையில் கொடுத்தால் ஓட்டை பெரிதாகும், மேலே பட்டி பூசி மறைப்பார்கள். கடைசியில், பேரீச்சம்பழ வண்டிதான்.

முதலில் வந்தது கேஸ் வெல்டிங். ஆக்ஸைடு தோலைக் கரைக்க ஃப்ளக்ஸ் என்ற உப்புக் கலவை. அது எரியும்போது மஞ்சள் வெளிச்சம் கண்ணை மறைக்கும்; அதனால் நீலக் கண்ணாடி போட்டார்கள். வேலை முடிந்ததும் ஃப்ளக்ஸை வெந்நீர் விட்டுத் தேய்த்துக் கழுவியாக வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் உப்பு ஈரத்தைப் பிடித்து, பெயின்ட்டுக்கு அடியிலேயே தகட்டைத் தின்னும். தட்டுவதற்கு முன்னால் தகட்டை இளக்கக் கைதேர்ந்த டிங்கர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். புகைச் சுடரால் கரி படியவிட்டு, அந்தக் கரி எரிந்து மறையும் வரை மட்டும் சூடு காட்டுவார்கள். சிவக்காத உலோகத்துக்குக் கரிதான் தெர்மாமீட்டர்!

1942-ல், விமானக் கம்பெனியான நார்த்ராப்பில் வேலை பார்த்த ரஸ்ஸல் மெரிடித், டங்ஸ்டன் முனையையும் ஹீலியம் வாயுவையும் வைத்து ஒரு முறைக்கு காப்புரிமை வாங்கினார். அதன் வாரிசுதான் நம் பட்டறைகளில் 'ஆர்கான் வெல்டிங்'. மின்சாரம் திசை மாறி மாறிப் பாயும்போது, ஒரு பாதி தோலை உடைக்கும், மறு பாதி உலோகத்தை உருக்கும். ஃப்ளக்ஸே வேண்டாம்.

ஆனாலும் தகராறு உண்டு. தையல் கறுத்துப்போனால் எண்ணெயோ பழைய பெயின்ட்டோ மிச்சமிருக்கிறது. ஊசித்துளைகள் விழுந்தால், ஈரத்திலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வந்த ஹைட்ரஜன். தினுசு தெரியாமல் கம்பியைப் போட்டால் விரிசல். லேண்ட் ரோவர் தகட்டில் மக்னீசியம் உண்டு. சிலிக்கான் கம்பியைவிட மக்னீசியம் கம்பியே அதற்குப் பொருத்தம். முதலில் எண்ணெயைத் துடைத்துவிட்டு, அப்புறம்தான் எவர்சில்வர் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் அழுக்கை உள்ளே தேய்த்து ஏற்றியதாகும். இரும்பைத் தேய்த்த பிரஷ் கிட்டவே வரக் கூடாது. அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். ஒரே மூச்சில் நீளமாக இழுத்தால் தகடு அப்பளமாக நெளியும். அங்கங்கே புள்ளி வைத்து, ஆறவிட்டு, சுத்தியலால் தட்டிச் சமன் செய்துகொண்டே போக வேண்டும்.

இத்தனையும் முடித்து மாட்டும்போது இரும்பு போல்ட்டை நேராக முடுக்கிவிடாதீர்கள். ஈரம் பட்டால் இரும்பும் அலுமினியமும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரியாகிவிடும். அதில் கரைவது அலுமினியம்தான். பழைய லேண்ட் ரோவரில் போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி உதிர்ந்தால், அது சுண்ணாம்பு அல்ல; மட்கார்டு. இடையில் ஒரு ரப்பர் வாஷராவது வேண்டும்.