பெயரும் பொருளும்: கணினிக் கோப்புகளின் ஒரு சரித்திரம்

தமிழ்நாட்டை விட்டு வெளியே வந்து வாழும் நாம், பெயரால் நேரும் சங்கடத்தை நன்கு அறிந்தவர்கள். தந்தையின் பெயரை ஓர் எழுத்தாகத் தன் பெயருக்கு முன்னே சுமந்து வந்த ஒருவர், தில்லியிலோ மும்பையிலோ ஓர் அலுவலகத்தில், “குடும்பப் பெயர் என்ன?” என்னும் வினாவுக்கு விடை கூறத் திகைக்கிறார். ஓர் ஆவணத்தில் முதலெழுத்து முன்னே நிற்கிறது. மற்றோர் ஆவணத்தில் தந்தையின் முழுப்பெயர் பின்னே நிற்கிறது. ஒரே மனிதர் இருவராகக் கருதப்படுகிறார். பெயர் ஒன்றே, அதைப் படிக்கும் முறைகள்தாம் இரண்டு.

கணினியில் நாம் சேர்த்து வைக்கும் கோப்புகளின் பெயர்களுக்கும் இக்கதியே நேர்ந்தது. ஆனால் அங்கே விளைந்தது வெறும் சங்கடமன்று. அது சேதத்திற்கும் வஞ்சனைக்கும் வாயிலாயிற்று. அச்சரித்திரத்தைச் சற்று நோக்குவோம்.

1974ஆம் ஆண்டில் கேரி கில்டால் என்னும் அமெரிக்க அறிஞர் சிறு கணினிகளுக்கென சிபி/எம் என்னும் இயங்குதளத்தை இயற்றினார். அதில் ஒரு கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்துகளும், அதன் வகையைக் காட்டும் வாலுக்கு மூன்று எழுத்துகளுமே இடம் பெற்றன. நினைவகம் விலை மிகுந்த பொருளாயிருந்த காலம் அது. அச்சுப்பொறி, விசைப்பலகை முதலிய கருவிகளுக்கும் பெயர்கள் இருந்தன. 1981இல் வெளிவந்த எம்எஸ்-டாஸ் இவ்வழக்கத்தைத் தானும் மேற்கொண்டது. 1983இல் அதன் இரண்டாம் பதிப்பில் அடைவுகள் தோன்றியபோதும், பழைய செயலிகள் கெடாமலிருக்கும் பொருட்டு, ‘கான்’, ‘நல்’ போன்ற கருவிப் பெயர்கள் எல்லா அடைவுகளிலும் செல்லுபடியாகுமாறு விடப்பட்டன.

அன்று செய்த சலுகை பின்னாளில் வினையாக முளைத்தது. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் ‘கான்’ என்னும் பெயரை ஒரே பாதையில் இருமுறை அடுத்து எழுதினால், கணினியே நிலைகுலைந்து நின்றுவிடும். ஒரு வலைப்பக்கத்தில் அப்பாதையை ஒளித்து வைத்தால், அதைத் திறந்தவரின் வேலை முழுதும் அக்கணமே பாழாகலாம். 2000ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனம் இதற்குத் திருத்தம் வெளியிட்டது.

அவ்வாண்டு மே மாதத்திலேயே அதனினும் பெரிய தீங்கு நேர்ந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து ‘ஐ லவ் யூ’ என்னும் தலைப்புடன் ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் பரவியது. உடன் வந்த கோப்பின் பெயர் காதல் கடிதம் என்று பொருள்படத் தொடங்கி, ‘டிஎக்ஸ்டி’ என்னும் எழுத்துகளைத் தாங்கி, ‘விபிஎஸ்’ என்று முடிந்தது. முன்னது படிக்கும் எழுத்துக் கோப்பின் அடையாளம். பின்னது இயங்கும் நிரலின் அடையாளம். விண்டோஸோ, தனக்குத் தெரிந்த வாலை வழக்கமாக மறைத்துவிடும். ஆகவே மக்கள் கண்டது கடிதம், திறந்ததோ நிரல். அது படக்கோப்புகளை அழித்தது. முகவரிப் புத்தகத்திலிருந்த அனைவருக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. இக்குற்றத்திற்கு ஏற்ற சட்டம் அந்நாட்டில் அப்போது இல்லாமையால், ஐயத்திற்கு உள்ளானவர் மீது வழக்கு நிற்கவில்லை.

விண்டோஸ் மட்டுமே குறையுடையது என்று நாம் எண்ணலாகாது. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ், பெயருக்கு மிகுந்த சுதந்திரம் அளித்தது. சாய்கோடும் சுழியக் குறியும் தவிர எதுவும் பெயரில் வரலாம். ஆனால் சிறுகோட்டில் தொடங்கும் பெயரைச் சில கட்டளைகள் பெயரென்று கொள்ளாமல், தமக்கு இடப்பட்ட ஆணையாகவே கொள்கின்றன. பிறர் எழுதக்கூடிய ஓர் அடைவில் ஒருவர் அத்தகைய கோப்பை இட்டுச் சென்றால், அங்கே எல்லாவற்றையும் நீக்கச் சொல்லும் எளிய கட்டளையும், நினைத்ததற்கு மேல் அழித்துவிடக்கூடும்.

ஆங்கிலத்தின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறோ ஒன்றோ என்பதிலும் இயங்குதளங்கள் உடன்படவில்லை. லினக்ஸுக்கு அவை வேறு. விண்டோஸும் மேக்கும் வழக்கமாக அவற்றை ஒன்றென்றே கொள்ளும். நிரலாளர் பயன்படுத்தும் ‘கிட்’ என்னும் கருவி, தன் பெயர் கொண்ட அடைவில் எவரும் கைவைக்காதபடி காவல் வைத்திருந்தது. அப்பெயரில் ஓர் எழுத்தைப் பெரிதாக்கி எழுதியபோது, காவல் அதை வேறு பெயரென்று விட்டது. இயங்குதளமோ அதே பெயரென்று கதவைத் திறந்தது. பகைவரின் கட்டளை நம் கணினியில் இயங்க அதுவே போதுமாயிருந்தது. 2014 டிசம்பரில் அக்குறை வெளிப்பட்டுத் திருத்தப்பட்டது.

நம் தமிழும் இதற்கு விலக்கன்று. 1991இல் வெளிவரத் தொடங்கிய யூனிகோடு முறையில், ‘கொ’ என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமமே. கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. ஆயினும் லினக்ஸ் அவற்றை வழக்கமாக இரு வேறு கோப்புகளாகவே வைக்கும். ஒன்றை அழித்தோம் என்று நாம் மனநிறைவு கொள்ள, மற்றொன்று அங்கேயே இருக்கும்.

இவை யாவும் உணர்த்தும் உண்மை ஒன்றே. காவல் செய்பவரும் கதவைத் திறப்பவரும் ஒரே பெயரை ஒரே விதமாகப் படிக்க வேண்டும். படிப்பு வேறுபடும் இடத்திலேதான் வஞ்சகன் நுழைகிறான்.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு ஊர்ச்செய்தி பெரும்பாலும் கைப்பேசி வழியாகவே வருகிறது. உறவினர் வீட்டுத் திருமண அழைப்பென்றால் நம் கை தானே விரைகிறது. அவ்விரைவை அறிந்தே, அழைப்பிதழ் என்று பெயரிட்ட ‘ஏபிகே’ கோப்புகளைச் சிலர் அனுப்பிப் பணம் பறிக்க முயன்றனர். 2024இல் நம் நாட்டுக் காவல்துறையினர் இது குறித்து எச்சரித்தனர். அழைப்பிதழ் படமாக வரலாம். நிறுவச் சொல்லும் செயலியாக வர வேண்டிய தேவை என்ன? கணினியில் கோப்பின் வாலை மறைக்காமல் காட்டச் செய்வோம். பெயரைத் தலையிலிருந்து வால்வரை படிப்போம். ஐயம் தோன்றினால், அனுப்பியவரை அழைத்துப் பேசுவோம். அழைப்பு மெய்யாயின், அவருக்கும் அது மகிழ்ச்சியே தரும்.