பெயரில்லாத கல்

சிங்கப்பூர் எஸ்பிளனேடு திடலுக்கு நம்மவர் பிள்ளைகளை அழைத்துச் செல்கின்றனர், கடற்காற்று வாங்குகின்றனர், கடலை கொறிக்கின்றனர். அங்கே நிற்கும் போர்வீரர் ஸ்தூபியைக் காட்டி ஐந்து நிமிஷம் பேசுவோர் எத்தனை பேர்? சரித்திரமென்பது பரீட்சைக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிட்டோம் போலும்!

முதல் உலக யுத்தத்திற்குச் சிங்கப்பூரிலிருந்து சென்று மடிந்த 124 பேருக்காக எழுப்பப்பட்டது அந்த ஸ்தூபி. 1922 மார்ச் 31-ல் அந்நாளைய வேல்ஸ் இளவரசர் அதனைத் திறந்து வைத்தார். அந்த 124 பேரின் பெயர்களும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன.

அதே திடலில் இன்னொரு சின்னமும் இருந்தது. 1945 ஜூலை 8-ல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். இந்திய தேசிய ராணுவத்தில் உயிர்நீத்த, பெயர் அறியப்படாத வீரனுக்காக எழுந்தது அது. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் எனப் பொருள்படும் மூன்று சொற்கள் அதில் இருந்தன. ஒருவர் பெயரும் இல்லை. ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. திரும்பி வந்த ஆங்கிலேயர், மவுண்ட்பேட்டன் கட்டளைப்படி, செப்டம்பரில் அதனைத் தகர்த்தெறிந்தனர். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1995-ல், அவ்விடத்தில் ஓர் அடையாளப் பலகை வைக்கப்பட்டது.

அந்தப் பெயரில்லாதவன் யார்? பால்வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கி ஏந்திய தோட்டத் தமிழர் அந்த ராணுவத்தில் ஏராளம். ஜான்சி ராணிப் படையிலே நம் பெண்களும் சேர்ந்தனர். 1944-ல் இம்பால் போர்முனையிலும், அங்கிருந்து பின்வாங்கிய வழியிலும், குண்டினால் மாண்டோர் சிலர். பசியாலும் நோயாலும் மாண்டோர் மிகப் பலர். அவர்களுட் பெரும்பாலோருக்குக் கல்லறையுமில்லை. அவர்கள் பெயர்கள் எங்கே இருக்கின்றன? பாட்டிமாரின் நாவிலே இருந்தன. அப்பாட்டிமாரும் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர்.

படத்துக்கு மாலையிட்டுக் கற்பூரம் காட்டினாற் கடன் தீர்ந்ததென்பது நம்மவர் பழக்கம். பிள்ளையோ கேள்வி கேட்கும்: "தாத்தா ஜப்பான்காரன் பக்கமா சண்டை போட்டார்?" மழுப்புதல் கூடாது. ஆம், ஜப்பானியரோடு சேர்ந்தே போரிட்டார். இந்தியாவின் விடுதலைக்காகப் போரிட்டார். அதே ஜப்பானியர்தாம் நம் தோட்டத்து மக்களைப் பதினாயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோய்ச் சாகவிட்டனர். இரண்டையும் ஒருங்கே சொல்லவேண்டும். சொல்லக் கூசுகிறது என்பது நமக்குத் தெரியாததன்று. எனினும் பிள்ளையின் நெஞ்சு நாம் நினைப்பதினும் உறுதியானது.

கிராஞ்சிக்கும் அழைத்துச் செல்லுங்கள். உடல் கிடைக்காத 24,000-க்கு மேற்பட்டோர் பெயர்கள் அங்குள்ள சுவர்களில் இருக்கின்றன. ஆங்கிலேயர் கொடியின்கீழ் நின்று மாண்ட இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. எதிரெதிர் அணியில் நின்றாரென்று ஒருவரைக் காட்டி மற்றவரை மறைப்பது முறையாகாது.

வீடு திரும்பியதும் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். வீட்டுப் பெரியவரை அருகில் உட்காரவைத்துக் கேட்டு எழுதட்டும்: போனவரின் பெயர், அவர் பால்வெட்டிய தோட்டத்தின் பெயர், புறப்பட்ட ஆண்டு, கடைசியாய் வந்த சேதி.