சோலார் தெருவிளக்கு: பேனல், பேட்டரி அளவுக் கணக்கு

சோலார் தெருவிளக்கு என்பது, பகலில் பேனல் தரும் மின்சாரத்தைப் பேட்டரியில் சேமித்து, இரவில் எல்இடி விளக்கை எரிக்கும் தனித்த அமைப்பு. பேனலும் பேட்டரியும் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது விளக்கின் வாட்டை மட்டும் பொறுத்ததன்று. எந்த மாதத்துக்காகக் கணக்குப் போடுகிறோம் என்பதையும் பொறுத்தது. சென்னைப் பகுதியில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்தேகால் மணி நேர முழு வெயிலுக்கு ஈடான ஆற்றல் கிடைக்கிறது. ஒரு சதுர மீட்டரில் 1,000 வாட் விழுவதே முழு வெயில். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பர், டிசம்பரில் இது சுமார் 4 மணியாகக் குறைகிறது. ஆண்டின் நீண்ட இரவுகளும் அப்போதுதான் வருகின்றன. வரவு குறைந்து செலவு கூடும் அந்த மாதங்களுக்கே அளவெடுக்க வேண்டும். ஆண்டுச் சராசரியை வைத்துப் போடும் கணக்கு மழைக்காலத்தில் தோற்கும்.

12 வாட் எல்இடி விளக்கு ஒன்று பன்னிரண்டரை மணி நேரம் எரிய 150 வாட்-மணி வேண்டும். எல்இடிக்குச் சீரான மின்னோட்டம் தரும் டிரைவர் சுற்றில் பத்து விழுக்காடு வீணாவதால், பேட்டரியிலிருந்து போவது சுமார் 167 வாட்-மணி. பேனலின் வாட் அளவு சோதனைக்கூடத்தில் 25 டிகிரி வெப்பத்தில் அளந்தது. கம்பத்தின் உச்சியில் சூடும் தூசியும் அதைக் குறைக்கின்றன. பிடபிள்யூஎம் வகைச் சார்ஜ் கன்ட்ரோலர் 17, 18 வோல்ட் தரக்கூடிய பேனலைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடுவதால் மேலும் ஒரு பங்கு போகிறது. எல்லாம் சேர்த்து 70 விழுக்காடு கிடைப்பதாகக் கொள்வது பாதுகாப்பானது. லித்தியம் பேட்டரியில் ஏற்றி இறக்கும்போது ஏற்படும் 5 விழுக்காட்டு இழப்பையும் சேர்த்தால், 4 மணி வெயிலுக்கு 63 வாட் பேனல் தேவை. ஆண்டுச் சராசரிப்படி 48 வாட்டே போதும் என்று வரும். கடைக்காரர் 50 வாட் பேனலைக் கொடுப்பார்.

பேட்டரிக்கான வழக்கமான விதி, வெயிலே இல்லாமல் மூன்று இரவு தாங்க வேண்டும் என்பது. அதாவது 500 வாட்-மணி. ஈய-அமிலப் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் ஆயுள் விரைவாகக் குறையும். ஆகவே 12 வோல்ட்டில் 83, கடையில் கிடைக்கும் அளவில் 100 ஆம்பியர்-மணி வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 80 விழுக்காடு வரை இறங்கலாம் என்பதால் 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-மணி போதும். எல்இடிக்கு முந்தைய காலத்தில் மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் வரையறை, 11 வாட் சிஎஃப்எல் விளக்கு ஒன்றுக்கு 74 வாட் பேனலும் 75 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியும் என்றிருந்தது.

பலரும் கணக்கை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். வடிந்த பேட்டரி மறுபடி நிரம்ப எத்தனை நாள் ஆகும் என்பதை யாரும் கேட்பதில்லை. 75 வாட் பேனல் மழைக்காலத்தில் நாளொன்றுக்குத் தருவது ஏறத்தாழ 200 வாட்-மணி; அன்றைய செலவு போக மிஞ்சுவது முப்பத்துச் சொச்சம். மூன்று நாள் அடைமழையில் இழந்த 500 வாட்-மணியை ஈடுகட்ட அதற்குப் பதினைந்து நாள் வேண்டும். அதற்குள் அடுத்த புயல் வந்துவிடும். 100 வாட் பேனல் இதை ஐந்து நாளில் முடிக்கும். 50 வாட் பேனலோ தினமும் முப்பத்துச் சொச்சம் குறைவாகவே தருவதால், முழுதாக நிரம்பிய பேட்டரியும் இரண்டு வாரத்தில் வடிந்துவிடும். விளக்கு அணைந்ததும் பேட்டரி கெட்டுவிட்டது என்று மாற்றுவார்கள். புதியதும் அதே கதிக்கு ஆளாகும்.

பெரிய பேனலைவிட மலிவான வழி வெளிச்சத்தைக் குறைப்பது. முதல் ஐந்து மணி நேரம் முழு ஒளி, ஊர் அடங்கிய பின் பாதி ஒளி என்று கன்ட்ரோலரில் அமைத்தால், செலவு 117 வாட்-மணிக்கு இறங்கும். அப்போது 75 வாட் பேனலே மூன்று இரவின் இழப்பை நாலைந்து நாளில் மீட்டுவிடும்.

பேனல் தெற்கு நோக்கி 15 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருந்தால் டிசம்பர் வெயிலும் கூடுதலாகக் கிடைக்கும், மழைநீரே தூசியையும் கழுவிவிடும். செல்கள் தொடராக இணைந்திருப்பதால், ஒற்றைத் தென்னங்கீற்றின் நிழல்கூட உற்பத்தியைப் பெரிதும் வெட்டும். பேட்டரிப் பெட்டியைப் பேனலின் நிழலில், காற்றோட்டமாக வைப்பது நல்லது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈயப் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். ஊட்டியின் உறைபனிக் காலைகளில் சிக்கல் வேறு: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியில் மின்னேற்றக் கூடாது.

பேனல், பேட்டரி, விளக்கு மூன்றும் ஒரே பெட்டியில் வரும் மலிவு விளக்குகளின் அட்டையில் 200 வாட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். ஏ4 தாள் அளவுள்ள பேனலில் உச்சி வெயிலில் விழுவதே 62 வாட்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 12 வாட், மின்சாரமாக மாறும். மழைக்கால நாளொன்றில் அது சேர்ப்பது, விடிய விடிய எரியும் 3 வாட் விளக்குக்கே போதாது.