தாம்பரம் வட்டாரத்தில் இலவச மருத்துவம்: உரிமை, அபராதம், முறையீடு

சேலையூர், தாம்பரம் வட்டாரத்து உழைக்கும் குடும்பங்களுக்குக் கட்டணமில்லா மருத்துவம் மூன்று வழிகளில் கிடைக்கிறது. ஒன்று அரசு மருத்துவமனை, இன்னொன்று தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ., மூன்றாவது முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை. அரசு மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டுக்கு வருமானமும் வேலையும் கேட்கப்படுவதில்லை. மற்ற இரண்டுக்கும் தகுதி உண்டு. தகுதி இருப்பதாக நம்பிச் சிகிச்சை பெற்ற ஒருவருக்கு உண்மையில் அது இல்லை என்று பின்னால் தெரியவந்தால் என்ன ஆகும், அவர் யாரிடம் முறையிடலாம் என்ற கேள்விக்கான பதில் ஒரே நாளில் உருவானதல்ல.

இந்த வட்டாரத்தின் மருத்துவ வரலாறு காசநோயில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோயாளிகளுக்கான இல்லம் நடத்திய டாக்டர் டி. ஜே. ஏ. சவரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவையே சிகிச்சை. 1937-இல் சென்னை மாகாண அரசு அதை ஏற்றுக்கொண்டது. சானடோரியத்தின் பெயர் ஒரு ரயில் நிலையத்துக்கே பெயராகிவிட்டது.

காசநோய்க்காரர் மாதக்கணக்கில் படுக்க வேண்டியிருந்தது. படுக்கையும் கஞ்சியும் இலவசமாகக் கிடைத்தாலும் அவருடைய கூலி அன்றோடு நின்றுவிடும். வீட்டில் அடுப்பு எரியாது என்று பயந்து பாதியிலேயே வேலைக்குத் திரும்பினால் நோயும் கூடவே திரும்பும். ஆகவே உழைப்பவருக்கு மருந்து மட்டும் போதாது, நோயுற்ற நாட்களுக்கு வருமானமும் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. 1943-இல் இந்திய அரசு பி. பி. அதர்க்கரிடம் தொழிலாளர் நலக் காப்பீட்டுக்குத் திட்டம் தீட்டும் பொறுப்பைக் கொடுத்தது. 1944-இல் அவர் அளித்த அறிக்கையிலிருந்து பிறந்ததுதான் 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம்.

1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழகத்தில் 1955 ஜனவரியில் கோயம்புத்தூரில் முதலில் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளியும் முதலாளியும் மாதாமாதம் ஒரு பங்கு கட்டுவார்கள். பதிலுக்குத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவமும், நோயுற்ற நாட்களுக்குத் தொகையும் கிடைக்கும். காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு அந்தத் தொகை கூடுதல் காலத்துக்கு நீட்டிக்கப்பட்டது. ஆரம்பத்தில் மாதச் சம்பளம் 400 ரூபாய் வரை உள்ளவர்களே இதில் சேர முடிந்தது. 2017 ஜனவரியில் வரம்பு 21,000 ரூபாய் ஆனது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு. பேச்சுவழக்கில் இலவச மருத்துவம் என்றாலும், இது தொழிலாளி தன் சம்பளத்திலிருந்து முன்கூட்டியே விலை கொடுத்து வாங்கிய உரிமை.

சட்டம் பிரித்த இரண்டு நடவடிக்கைகள்

தகுதியின்றிப் பலன் பெறுவதை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு பிரிவுகளில் தனித்தனியாகக் கையாண்டது. 70-ஆம் பிரிவு திருப்பிக் கட்டுவதைப் பற்றியது. சட்டப்படி உரிமை இல்லாமல் ஒருவர் பலன் பெற்றிருந்தால், அதன் மதிப்பை இ.எஸ்.ஐ. கழகத்துக்குத் திருப்பித் தர வேண்டியிருந்தது. அவர் இறந்துவிட்டால் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து வாரிசு தர வேண்டியிருந்தது. கட்டாவிட்டால் நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோல் வசூலிக்க முடிந்தது. தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று இந்தப் பிரிவு கேட்கவில்லை.

84-ஆம் பிரிவு தண்டனையைப் பற்றியது. பலன் பெறுவதற்காகத் தெரிந்தே பொய்யான தகவல் கொடுத்தவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அது இடம் தந்தது. குற்றம் உறுதியானால் குறிப்பிட்ட காலத்துக்குப் பணப் பலன்களும் நிறுத்தப்பட்டன. இந்தப் பிரிவின் உயிர்நாடி ‘தெரிந்தே’ என்ற நிபந்தனை. தவறுதலாக அட்டையைக் காட்டியவரிடம் சிகிச்சையின் மதிப்பைக் கேட்க முடிந்தது. அவரைக் குற்றவாளி ஆக்க முடியவில்லை. முறையிடுபவர் முதலில் பார்க்க வேண்டியது, தனக்கு வந்த கடிதம் இந்த இரண்டில் எதைப் பற்றியது என்பதைத்தான்.

தவறு எங்கே நேர்கிறது

1984-இல் தாம்பரம் சானடோரியம் அருகே ஏற்றுமதி வளாகம் தொடங்கப்பட்டது. மெப்ஸ் என்று எல்லோரும் அழைக்கும் அந்த வளாகத்தின் ஆயத்த ஆடை, மின்னணுப் பொருள் ஆலைகள் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கத்து வீடுகளுக்கு மாதச் சம்பளத்தையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் கொண்டுவந்தன. ஒப்பந்த வேலையும், அடிக்கடி கம்பெனி மாறுவதும் சகஜமான இடத்தில் தகுதி என்பது மாதத்துக்கு மாதம் மாறும் சங்கதி.

முதல் குழப்பம் வேலையை விட்டவர்களுக்கு. வேலை போன அன்றே உரிமையும் போய்விடுவதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பங்கு கட்டும் காலம். அதற்குரிய பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை கிடைக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டினால் அதற்குரிய பலன் ஜூலை முதல் டிசம்பர் வரை. பங்கு கட்டும் ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாள் பங்கு கட்டியிருந்தால் நோய்ப் பலனுக்குத் தகுதி உண்டு; அந்தத் தகுதி இருக்கும் வரை மருத்துவமும் உண்டு. ஏப்ரலில் தையல் பிரிவில் சேர்ந்து செப்டம்பர் இறுதி வரை வேலை பார்த்த ஒரு பெண் அக்டோபரில் நின்றுவிட்டார் என்று கொள்ளலாம். அடுத்த ஆண்டு மே மாதம் அவர் அட்டையைக் காட்டிச் சிகிச்சை பெற்றால் அது உரிமை. அதே அட்டையை ஆகஸ்டில் காட்டினால் அது தவறு. அவர் கையில் இருக்கும் அட்டையில் இந்த வேறுபாடு எதுவும் தெரியாது.

இரண்டாவது குழப்பம் சம்பள உயர்வில். பங்குக் காலத்தின் நடுவில் சம்பளம் வரம்பைத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும் வரை அவர் காப்பீட்டில் இருப்பார். மூன்றாவது, குடும்பத்தார் தொடர்பானது. படிக்கும் மகனுக்கு 21 வயது வரைதான் உரிமை. பெற்றோருக்கோ, அவர்கள் வருமானம் அரசு விதித்த வரம்புக்குள் இருக்க வேண்டும். பிறந்தநாள் கடந்த மறுவாரமே காய்ச்சலில் விழும் மகனை மருந்தகத்துக்கு அழைத்துப் போகும் தாய் பொய் சொல்வதாகக் கருத முடியாது.

நான்காவது வகையில் தவறு தொழிலாளியுடையதே அல்ல. சம்பளத்தில் பங்கைப் பிடித்துக்கொண்ட முதலாளி அதைக் கழகத்துக்குக் கட்டாமல் விட்டால், பதிவேட்டில் அந்தத் தொழிலாளி தகுதியற்றவராகத் தெரிவார். இதற்குச் சட்டத்தின் 68-ஆம் பிரிவே வழி சொல்லியது: பங்கு கட்டப்படாததால் தொழிலாளி பலனை இழந்தால், கழகம் அவருக்கு உரிய பலனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம். பிடித்தம் காட்டும் சம்பளச் சீட்டு இப்படிப்பட்ட வழக்கில் தொழிலாளியின் முதல் சாட்சி.

முறையீட்டின் படிகள்

திருப்பிக் கட்டச் சொல்லும் உரிமைகோரலைத் தீர்க்க 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தனி நீதிமன்றத்தையே ஏற்படுத்தியது. 75-ஆம் பிரிவின்படி, தகுதியின்றிப் பெற்ற பலனைத் திரும்பக் கேட்கும் வழக்கு தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்தின் வரம்புக்குள் வந்தது. சாதாரண சிவில் நீதிமன்றம் அதில் தலையிட முடியவில்லை. சென்னையில் முதன்மைத் தொழிலாளர் நீதிமன்றம் இந்தப் பொறுப்பைக் கவனித்தது. வழக்குக்குக் காரணமான நிகழ்வு நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனு போட வேண்டியிருந்தது. சட்டக் கேள்வி முக்கியமானதாக இருந்தால் 60 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய முடிந்தது.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்கும் சட்டம் கதவைத் திறந்து வைத்தது. எழுத்துமூலம் அதிகாரம் பெற்ற பதிவு பெற்ற தொழிற்சங்கப் பொறுப்பாளர் அவர் சார்பில் மனு போடவும் வாதாடவும் முடிந்தது. நீதிமன்றம் அனுமதித்தால் வேறொருவரும் வர முடிந்தது. ஒன்றை மட்டும் சட்டம் மூடிவைத்தது. சிகிச்சையாகப் பெற்ற பலனின் மதிப்பை ரூபாயில் நிர்ணயிக்கும் அதிகாரியின் முடிவே இறுதியாக இருந்தது. ஆகவே வாதத்தின் கனம் தொகையில் இல்லை. அந்தத் தேதியில் தகுதி இருந்ததா என்பதில்தான்.

2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் இ.எஸ்.ஐ. சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றமும் உயர் நீதிமன்ற மேல்முறையீடும் அதிலும் தொடர்கின்றன.

அட்டையும் வருமானச் சான்றும்

இ.எஸ்.ஐ. எட்டாத கூலி வேலைக்காரர், வீட்டு வேலை செய்பவர், தெருவோர வியாபாரி ஆகியோருக்கு 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாற்றி அமைக்கப்பட்டது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு முதலில் 72,000 ரூபாய். பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் இதன் நுழைவுச் சீட்டுகள்.

சான்று வாங்கிய ஆண்டில் கூலி வேலைக்குப் போன மகன் இரண்டு ஆண்டு கழித்து மாதச் சம்பளத்துக்குப் போயிருக்கலாம். பழைய சான்றின் பேரில் அட்டை தொடர்ந்து செல்லும். இது வருமானம் மாறியதால் வந்த நிலை. பொய்ச் சான்று கொடுத்ததாகாது. ஏமாற்றுதல் குற்றமாக வேண்டுமானால், ஏமாற்றும் எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய கொள்கை. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அந்த எண்ணத்தைக் கேட்கிறது. அட்டை தொடர்பான குறைகளை விசாரிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்பு மற்றும் குறைதீர்க் குழு இருக்கிறது.

இந்தத் தகுதிக் கணக்குகள் ஒருபுறம் இருக்க, உயிருக்கு ஆபத்தான நேரத்தில் அரசு மருத்துவமனை சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1996-இல் தெளிவாக்கியது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பிய வழக்கு அது. அவசரச் சிகிச்சை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பு வந்தது.

இங்கிலாந்து தரும் பாடம்

அபராதத்தை முதலிலும் விசாரணையை அடுத்தும் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்து சான்று. அங்கே 1948-இல் தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவையில் 1952-இல் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் வந்தது. முதியோர், கர்ப்பிணிகள், குறைந்த வருமானத்தினர் போன்றோருக்கு விலக்கு உண்டு. விலக்கு இல்லாதவர் இருப்பதாகக் குறித்துவிட்டால், 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டணத்தோடு 100 பவுண்டு வரை அபராதம். தான் வேண்டுமென்றோ கவனக்குறைவாகவோ செய்யவில்லை என்று நோயாளிதான் காட்ட வேண்டும். அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு 2019-இல் கணக்குப் பார்த்தபோது, 2014 முதல் அனுப்பிய 56 லட்சம் நோட்டீசுகளில் 17 லட்சம் திரும்பப் பெறப்பட்டிருந்தன. அந்த 17 லட்சத்திலும் நோயாளி எதிர்த்துக் கேட்ட பிறகே உரிய விலக்கு இருந்தது உறுதியானது.

கிட்டத்தட்ட மூன்றில் ஒரு நோட்டீசு தவறு என்றால், எதிர்த்துக் கேட்கத் தெரியாமல் பணம் கட்டியவர்களும் இருந்திருப்பார்கள். பொய்யைத் தெரிந்தே சொன்னதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் 84-ஆம் பிரிவு வைத்த நிபந்தனை இந்த அளவுகோலில் ஏழைக்கு நியாயமானது. எந்தத் திருத்தத்திலும் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. நிதியைக் காப்பாற்றத் திருப்பி வசூலிக்கும் அதிகாரம் போதும். பயமுறுத்தும் அபராதம் உரிமை உள்ளவரையும் மருத்துவமனை வாசலிலிருந்து விரட்டிவிடும்.

பணம் கட்டச் சொல்லும் கடிதம் வந்தால் உடனே கட்டிவிடவும் வேண்டாம், கிழித்துப் போடவும் வேண்டாம். எந்தத் தேதிச் சிகிச்சை, எந்தப் பிரிவு, என்ன காரணம் என்று எழுத்தில் கேட்க வேண்டும். அந்த மாதச் சம்பளச் சீட்டையும், பங்கு கட்டிய விவரத்தையும், வேலையை விட்ட தேதிக்கான கடிதத்தையும் சேர்த்து, கெடு முடியுமுன் பதில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.