விடுதலையும் விடுதலைக் களமும்

2019 நவம்பரில் பதின்மூன்று பேர் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவாம். அதற்காக அரசு காட்டிய கருணையாம். மேலவளவு சேரி சனங்களுக்கு இந்தச் சேதி, அவர்கள் வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. ஆறு பேரைப் பறிகொடுத்த குடும்பங்களை அதுவரை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கதை நமக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் திரும்பச் சொல்லத்தான் வேண்டும். மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் உள்ள மேலவளவு ஊராட்சி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மனு போட்டவர்கள் மிரட்டப்பட்டு மனுவைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்து நடந்த தேர்தலில் வாக்குப் பெட்டியையே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைசியில் போலீஸ் காவலோடு நடந்த வாக்குப்பதிவில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரைக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் முறையிட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது வழிமறித்து வெட்டினார்கள். முருகேசன், அவர் தம்பி ராஜா, துணைத் தலைவர் மூக்கன், செல்லத்துரை, சேவகமூர்த்தி, பூபதி. முருகேசனின் தலையைத் துண்டித்துக் கிணற்றில் போட்டார்கள். ஊராட்சி நாற்காலியில் ஒரு பறையன் உட்கார்ந்ததற்குத் தண்டனை அது.

வழக்கைச் சேலத்துக்கு மாற்றி நடத்த வேண்டியிருந்தது. 2001இல் நாற்பது பேரில் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை. 2006இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2009இல் உச்ச நீதிமன்றமும். சட்டம் கடைசிப் படி வரை ஏறி நின்ற, அபூர்வமான சாதி வழக்குகளில் இது ஒன்று. (கீழவெண்மணியில் அந்தப் பேச்சே எழவில்லை. 1973இல் மிராசுதார்களை உயர் நீதிமன்றமே விட்டுவிட்டதால் முன்விடுதலை செய்ய அங்கே ஆளே இல்லை.)

ஆனால் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதுவதற்கு முன்பே, 2008இல், பதினேழு பேரில் மூவர் வெளியே வந்துவிட்டார்கள். அது அண்ணா நூற்றாண்டு. ஏழு வருஷம் முடித்த ஆயுள் கைதிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அப்போது விடுவிக்கப்பட்டார்கள். ஒருவர் இறந்துபோனார். மிச்சம் பதின்மூன்று. அண்ணா விழாவுக்கு மூன்று, எம்.ஜி.ஆர். விழாவுக்குப் பதின்மூன்று. கழகங்கள் மாறின, கருணை மாறவில்லை.

இது எப்படி நடக்கிறது? சில நாடுகளில் பரோல் வாரியம் என்று ஒன்று உண்டு. கைதி அதன் முன்னால் வந்து உட்காருவார், பலியானவரின் குடும்பமும் தன் பேச்சைச் சொல்லலாம். நம்மூரில் எல்லாம் கோப்புதான். அறிவுரைக் கழகம் என்று ஒரு குழு, நன்னடத்தை அலுவலரின் அறிக்கை, காவல்துறையின் அறிக்கை, பிறகு உள்துறை, அமைச்சரவை, ஆளுநர். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1978இல் சேர்ந்த 433ஏ பிரிவு, கொலை போன்ற குற்றங்களில் ஆயுள் தண்டனை பெற்றவரைப் பதினாலு வருஷம் உள்ளே இருக்காமல் விடக் கூடாது என்றது. ஆனால் அரசியல் சட்டத்தின் 161ஆம் பிரிவுப்படி ஆளுநருக்குள்ள அதிகாரத்தை அது கட்டாது என்று 1980இல் மாரு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வாசல் வழியாகத்தான் தலைவர்களின் பிறந்தநாள்கள் சிறைக்குள் போகின்றன. 2018 பிப்ரவரி 25 அன்று பத்து வருஷம் முடித்திருந்தால் போதும் என்றது எம்.ஜி.ஆர். நூற்றாண்டு அரசாணை.

அதே வாசலில் இன்னொரு கோப்பும் கிடந்தது. பேரறிவாளன் உள்ளிட்ட ஏழு பேரை விடலாம் என்று 2018 செப்டம்பரில் அமைச்சரவை தீர்மானித்தது. ஆளுநர் மாளிகையில் அது இரண்டு வருஷத்துக்கு மேல் தூங்கியது. அந்தச் சமயத்திலேயே, தர்மபுரியில் பஸ்ஸை எரித்து மூன்று மாணவிகளைக் கொன்ற வழக்கின் கைதிகள் மூவரின் கோப்பு ஒருமுறை திரும்பிவந்தும் மறுபடி போய், 2018 நவம்பரில் கையெழுத்தாகிவிட்டது. பேரறிவாளன் வெளியே வர 2022 மே வரை ஆயிற்று. அதற்கும் உச்ச நீதிமன்றம்தான் வரவேண்டியிருந்தது. கைகள் ஒன்றுதான். எந்தக் கோப்புக்கு எந்த வேகம் என்பதில்தான் அரசியல்.

இங்கே நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். மரண தண்டனை வேண்டாம் என்கிறோம். ஏழு பேர் விடுதலைக்குக் கூட்டம் போட்டோம். இருபது வருஷமாக உள்ளே கிடக்கும் முஸ்லிம் கைதிகளுக்காகப் பேசுகிறோம். நம் பிள்ளைகளும்தான் உள்ளே கிடக்கிறார்கள். சிறைக்குள்ளும் சாதி பார்த்து வேலை கொடுப்பது, சாதி பார்த்துப் பிரித்து அடைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் சொல்ல நேர்ந்ததே, அந்த வழக்கில் பாளையங்கோட்டைச் சிறையும் பேசப்பட்டதே. அப்படியிருக்க, மேலவளவு கைதிகள் மட்டும் சாகும்வரை உள்ளே கிடக்கட்டும் என்று நாம் சொல்லலாமா? நான் சொல்ல மாட்டேன். என் கேள்வி வேற. முருகேசன் வீட்டில் கேட்டீங்களா? அவுங்க திரும்பி வந்தா ஊர்ல இருக்க முடியுமான்னு கேட்டீங்களா? அந்தப் பஸ் வர்ற ரோட்டுலதான் இவங்களும் நடக்கணும், அவங்களும் நடக்கணும்.

வழக்கறிஞர் பொ. இரத்தினம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். அரசாணைகளைக் கொண்டுவா என்று நீதிமன்றம் அரசைக் கேட்டது. விடுதலையானவர்கள் மேலவளவுக்குள் போகக் கூடாது என்று இடைக்காலமாகத் தடுத்தது. இடைக்காலம் என்றால் இடைக்காலம்தான்.

குஜராத்திலும் இதே கதைதான். பில்கிஸ் பானு வழக்கின் பதினோரு பேர் 2022 ஆகஸ்ட் 15 அன்று வெளியே வந்தார்கள். மும்பை சிறப்பு நீதிபதியும் சிபிஐயும் வேண்டாம் என்றும் விட்டார்கள். அந்தப் பதினோரு பேரில் ஒருவர் முன்னமே பரோல், விடுப்பு என்று 1500 நாளுக்கு மேல் வெளியேதான் இருந்தார். 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. விசாரணை நடந்தது மகாராஷ்டிரத்தில், முடிவெடுக்கும் அதிகாரம் அந்த அரசுக்கே என்றது. பதினோரு பேரும் திரும்பிச் சிறைக்குப் போனார்கள். அதற்கும் முன்னால், 2006இல், ஆந்திரத்தில் கொலையுண்டவரின் மகன் ஏபுரு சுதாகர் போட்ட வழக்கில் ஒரு கட்சிக்காரருக்கு ஆளுநர் தந்த தண்டனைக் குறைப்பு ரத்தானது. சாதி, மதம், கட்சி விசுவாசம் பார்த்துக் கருணை காட்டக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் பாருங்கள், இரண்டிலும் கதவு திறந்த பிறகுதான் பலியானவர்கள் ஓட வேண்டியிருந்தது. நீதிமன்றம், வக்கீல், டெல்லிக்கு ரயில், எல்லாம் அவர்கள் தலையில்.

சட்டத்தில் இடமில்லை என்று அதிகாரிகள் சொல்ல முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவைப் படியுங்கள். பிணை, விடுவிப்பு, விடுதலை, பரோல், தண்டனை என எதுவானாலும் பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்கிறது ஐந்தாம் உட்பிரிவு. விடுதலை, பரோல் என்ற சொற்களே அதில் இருக்கின்றன. ‘இந்தச் சட்டத்தின்படி நடக்கும் நடவடிக்கை’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, உள்துறைக் கோப்பு அதில் வராது என்று தப்பிக்கலாம். அந்த ஓட்டையை அடைக்க ஓர் அரசாணை போதும். பிறந்தநாளுக்குப் போடுகிற அரசாணை மாதிரிதான். கோப்பு ஆளுநருக்குப் போகுமுன் குடும்பத்துக்கு ஒரு பதிவுத் தபால், அறிவுரைக் கழகத்தின் முன் அவர்களுக்கு ஒரு நாற்காலி, அவர்கள் சொன்னதைக் கோப்பிலேயே எழுதிவைக்க ஒரு பக்கம்.

ஒவ்வொரு ஜூன் 30 அன்றும் மேலவளவில் விடுதலைக் களத்துக்குச் சனம் வருகிறது. அடுத்த தடவை போகிறவர்கள், மாலை போட்டுவிட்டு நேரே பஸ் ஏறாமல், அந்த ஆறு வீடுகளிலும் இந்த நாற்காலியைப் பற்றிப் பேசிவிட்டு வாருங்கள்.