மூன்று அபேட்சகர்கள், மூன்று புத்தகங்கள்

தேர்தலுக்கு நிற்கிறவர்கள் எழுதும் புத்தகங்களைப் படிப்பதில்லை என்று வெகு காலம் ஒரு விரதம் வைத்திருந்தேன். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கட்டுக்கதைக்கா பஞ்சம்? அந்த விரதத்தை முறித்தது ஒரு நண்பர் வீட்டுப் பரண்.

நண்பருடைய கொள்ளுத்தாத்தா சென்னையில் வக்கீலாக இருந்தவர். பழைய வீட்டை இடிக்கப் போகிறார்கள். "வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் சார், மீதி எடைக்குப் போகிறது" என்றார் நண்பர். ஒரு தகரப் பெட்டியில், சட்டப் புத்தகங்களுக்கு அடியில், மூன்று அமெரிக்கப் புத்தகங்கள் கிடந்தன. தியோடர் ரூஸ்வெல்ட்டின் 'புதிய தேசியம்', உட்ரோ வில்ஸனின் 'புதிய சுதந்திரம்', ராபர்ட் லா ஃபாலட்டின் சுயசரிதை. மூவருமே 1912-ல் அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கு ஆசைப்பட்டவர்கள். மூவருமே முற்போக்காளர்கள். கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவனாகையால் சரித்திரம் எனக்கு இப்படித்தான், எடைக்குப் போகிற புத்தகங்கள் வழியாகத்தான், வந்து சேர்கிறது.

மூன்றையும் புரட்டியபோது ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டது. வில்ஸன் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. ரூஸ்வெல்ட்டுக்கு அங்கங்கே ஓர் அடையாளம். லா ஃபாலட்டுக்கு ஒன்றுமே இல்லை. அந்தக் காலத்தில் சில புத்தகங்கள் தாள் மடிப்பு வெட்டாமலே விற்பனைக்கு வரும்; வாங்கியவர் கத்தியால் வெட்டிக்கொண்டு படிக்க வேண்டும். லா ஃபாலட்டின் தாள்கள் நூறு வருஷத்துக்கு மேலாக வெட்டப்படாமலே இருந்தன. ஜெயித்தவரைப் படித்துவிட்டுத் தோற்றவரை மூடி வைத்துவிட்டார் வக்கீல். மனித சுபாவந்தானே!

அமெரிக்காவில் அப்போது பெரிய கேள்வி ஒன்றுதான். ரயில்பாதை, எண்ணெய், உருக்கு எல்லாம் ஒரு சில முதலாளிகளின் கைக்குள் போய்விட்டன. ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியைப் பிரித்துவிட வேண்டும் என்று 1911-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லும்படி ஆயிற்று. இந்த ராட்சதர்களை என்ன செய்வது?

ரூஸ்வெல்ட் ஏற்கெனவே 1901 முதல் 1909 வரை ஜனாதிபதியாக இருந்தவர். அவருடைய புத்தகம் 1910-ல் செய்த பிரசங்கங்களின் தொகுப்பு. ராட்சதனைக் கொல்ல வேண்டாம், சர்க்கார் அவன் மூக்கில் கயிறு போட்டு வேலை வாங்கட்டும் என்பது அவர் கட்சி. படிக்கும்போதே மேஜையைக் குத்தும் ஓசை கேட்கிறது. 1912 அக்டோபர் 14-ந் தேதி மில்வாக்கி நகரில் ஒருவன் அவரை மார்பில் சுட்டான். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ஐம்பது பக்கப் பிரசங்கமும் மூக்குக் கண்ணாடிக் கூடும் குண்டின் வேகத்தைத் தணித்தன. ரத்தம் கசியக் கசிய அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். எழுத்து எழுத்தாளனின் உயிரைக் காப்பாற்றியதாக நான் அறிந்த சம்பவம் இது ஒன்றுதான்.

வில்ஸன் புரொபஸர். அவருடைய புத்தகம் தேர்தலில் ஜெயித்த பிறகு, 1913-ல் வெளிவந்தது. இதைத் தான் எழுதவில்லை என்று முன்னுரையில் அவரே சொல்லிவிடுகிறார். மேடைப் பேச்சுகளைச் சுருக்கெழுத்துக் குறிப்பிலிருந்து வேறொருவர் தொகுத்தார். ஆனால் என்ன அழகான பேச்சு! ராட்சதனுக்குக் கயிறு வேண்டாம். ஏகபோகத்தை ஒழித்து, புதிதாக முன்னுக்கு வர முயலும் சாமானியனுக்கு வழி விடுங்கள் என்கிறார். நானும் பென்சிலைத் தேடினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

லா ஃபாலட்டின் தாள்களை வெட்ட எனக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் பிடித்தன. விஸ்கான்ஸின் ராஜ்யத்தின் கவர்னராக இருந்து, 1906-ல் ஸெனட்டுக்குப் போனவர் அவர். 1911-ல் ஒரு மாதப் பத்திரிகையில் இதைத் தொடராக எழுத ஆரம்பித்தார். 1913-ல் தாமே புத்தகமாக வெளியிட்டார். அழகு கிடையாது. ரயில்வே கட்டணக் கணக்கு, மசோதா, வோட்டு விவரம். தம் ராஜ்யத்து விவசாயி சரக்கு அனுப்ப என்ன கொடுக்கிறான், பக்கத்து அயோவாவிலும் இல்லினாயிலும் என்ன கொடுக்கிறார்கள் என்று ஒப்பிட்டுக்கொண்டே போகிறார். தற்பெருமை உண்டு, ரூஸ்வெல்ட் தம்மை ஏமாற்றிவிட்டார் என்ற கோபமும் கடைசிப் பகுதி முழுவதும் உண்டு.

ஆனால் கதைக்காரனை நிமிர்ந்து உட்கார வைக்கும் இடமும் உண்டு. 1891-ல் ஒரு வழக்கு லா ஃபாலட்டின் மைத்துனர் முன்னால் விசாரணைக்கு இருந்தது. அவர் ஜட்ஜு. அந்த வழக்கில் சிக்கியிருந்த பணக்கார ஸெனட்டர் ஸாயர், மில்வாக்கியில் ஒரு ஹோட்டலுக்குத் தம்மை வரவழைத்துப் பணம் நீட்டினார் என்று லா ஃபாலட் எழுதுகிறார். வக்கீல் பீஸ்தான் கொடுக்க வந்தேன் என்று ஸாயர் மறுத்தார். அந்த அறையிலிருந்துதான் தம் போராட்டம் தொடங்கியது என்கிறார் லா ஃபாலட். பிறகு அவர் கண்டுபிடித்த ஆயுதம் வெகு எளியது. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் ஸெனட்டர் எந்த மசோதாவுக்கு எப்படி வோட்டுப் போட்டார் என்று மேடையில் படித்துக் காட்டுவார். வசை இல்லை, அலங்காரம் இல்லை. பெயரும் வோட்டும் மட்டும். ஜனங்கள் கேட்டுக்கொண்டு போய்த் தேர்தலில் பதில் சொன்னார்கள்.

1912 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் ஒரு விருந்தில் அவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார். மகளுக்கு ஆபரேஷன் ஆக வேண்டியிருந்த சமயம், உடம்பும் களைத்திருந்தது. சொன்னதையே திரும்பச் சொல்லித் தடுமாறினார். ஆதரவாளர்கள் பலர் ரூஸ்வெல்ட் பக்கம் சாய்ந்தார்கள். நவம்பரில் வில்ஸனுக்கு 435 தேர்வாளர் வோட்டுகள் விழுந்தன, ரூஸ்வெல்ட்டுக்கு 88.

வில்ஸன் சொன்னபடி செய்தாரா? பாதி செய்தார். சுங்க வரியைக் குறைத்தார், பாங்குகளைச் சீர்திருத்தினார். 1914-ல் வியாபாரத்தைக் கண்காணிக்க ஒரு கமிஷனும் வைத்தார். அது ரூஸ்வெல்ட் போட்ட கயிறுதான்! ஆனால் 'புதிய சுதந்திர'த்தின் 12 அத்தியாயங்களில் கறுப்பு மக்களுக்கென்று ஓர் அத்தியாயமில்லை. அவரை நம்பி 1912-ல் ஆதரித்தவர்களில் கறுப்பு அறிஞர் டு பாய்ஸும் ஒருவர். மறு வருஷமே தபால் இலாகாவிலும் கஜானா இலாகாவிலும் கறுப்புக் குமாஸ்தாக்களைத் தனியே பிரித்து உட்கார வைத்தார்கள். 1914 நவம்பரில் டிராட்டர் என்ற கறுப்புப் பத்திரிகாசிரியர் நேரில் போய் நியாயம் கேட்டார். அவர் பேசிய தோரணை சரியில்லை என்று ஜனாதிபதிக்குக் கோபம் வந்தது. பென்சில் கோடுகளுக்கு நடுவே எது இல்லை என்று பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இந்த இடத்தில் கதை சென்னைக்கு வருகிறது. 1917 ஏப்ரல் 2-ந் தேதி, ஜெர்மனியோடு போர் தொடங்கக் காங்கிரஸின் சம்மதம் கேட்டு வில்ஸன் பேசினார். உலகத்தில் ஜனநாயகம் பத்திரமாக இருக்க இந்தப் போர் என்றார். ஜூன் மாதம் இங்கே அன்னி பெஸன்ட் அம்மையாரைக் காவலில் வைத்தார்கள். ஹைகோர்ட்டு ஜட்ஜாக இருந்து ஓய்வு பெற்ற ஸர் எஸ். சுப்பிரமணிய ஐயர், நம்மவர்களுக்கு மணி ஐயர், 74 வயதில் 24-ந் தேதி வில்ஸனுக்கு ஒரு கடிதம் எழுதினார்; இந்தியாவுக்கும் சுயாட்சி வேண்டும், நீங்கள் சொன்ன கொள்கை எங்களுக்கும் பொருந்துமே என்று. வக்கீல் அல்லவா! புரோநோட்டில் கையெழுத்துப் போட்டவரிடமே நோட்டை நீட்டினார். கடிதம் வெளியானதும் 1918-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் கூச்சல். இந்தியா மந்திரி மாண்டேகுவே கடிதத்தைக் கண்டித்தார். மணி ஐயர் ஸர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் வீசி எறிந்தார். கடன்காரர் என்ன செய்தார்? 1919 ஏப்ரல் 11-ந் தேதி பாரிஸில், இனங்கள் சமம் என்ற ஜப்பானின் தீர்மானத்துக்கு 17 வோட்டுகளில் 11 கிடைத்தும், ஏகமனதாக இல்லை என்று தலைமை வகித்த வில்ஸன் அதை ஒதுக்கிவிட்டார்.

பரண் வக்கீலும் மணி ஐயரைப் போலத்தான் நம்பியிருப்பார் என்று நினைக்கிறேன். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒன்றை அவரிடம் சொல்ல ஆசை.

1917 ஏப்ரல் 4-ந் தேதி ஸெனட்டில் போருக்கு எதிராக வோட்டுப் போட்டவர்கள் ஆறே பேர். அவர்களில் ஒருவர் லா ஃபாலட். துரோகி என்று ஊரெல்லாம் ஏசியது. ஸெனட்டிலிருந்தே அவரை நீக்கப் பார்த்தார்கள். அன்று அவர் பேசிய நீண்ட பேச்சில் ஒரு கேள்வி வருகிறது. ஜனநாயகத்துக்காகப் போர் என்கிறாரே ஜனாதிபதி, அப்படியானால் அயர்லாந்துக்கும் எகிப்துக்கும் இந்தியாவுக்கும் சுயாட்சி கொடுத்தால்தான் உதவுவோம் என்று பிரிட்டனுக்கு நிபந்தனை போடவில்லையே, ஏன்?

மணி ஐயர் கடிதத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னாலேயே, வாஷிங்டனில், நம் பெயரைச் சொன்ன மனிதர் இவர். 1924-ல் மறுபடி ஜனாதிபதி பதவிக்கு நின்றார்; சுமார் 48 லட்சம் வோட்டு வாங்கியும் சொந்த ராஜ்யம் ஒன்றைத்தான் ஜெயித்தார். மறு வருஷம் காலமானார்.

நண்பரிடம் மூன்று புத்தகங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வில்ஸனின் பென்சில் கோடுகளை அழிக்கவில்லை. அவை ஒரு நல்ல மனிதரின் நம்பிக்கை. லா ஃபாலட்டின் புத்தகத்தில் தாள்கள் இப்போது ஓரம் பிசிறு பிசிறாக இருக்கின்றன. என் கத்தி அவ்வளவு கூர்மையில்லை.