கிறிஸ்துமஸ் அன்று திறந்திருந்த கடை



அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் கவனித்திருப்பீர்கள். கிறிஸ்துமஸ் அன்று அங்கே யூதர்கள் பலர் குடும்பத்தோடு சீன உணவகத்துக்குப் போவார்கள். கேட்டால், "வேறு எந்தக் கடை திறந்திருக்கும்?" என்று சிரிப்பார்கள். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

1882-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக்கூடாது. வணிகர், மாணவர், ஆசிரியர் போன்ற சிலருக்கே விலக்கு. 1915-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, உணவகம் நடத்துபவரும் வணிகரே என்றது. சொந்தபந்தங்களை அழைத்துக்கொள்ள வழி பிறந்தது. சீன உணவகங்கள் பெருகின.

நியூயார்க்கில் சைனாடவுனை ஒட்டிய தெருக்களில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் குடியிருந்தார்கள். இறைச்சியோடு பால் சேர்ப்பது அவர்கள் சமயத்தில் விலக்கு. சீனச் சமையலில் பால் அநேகமாகக் கிடையாது. பன்றி இறைச்சி உண்டு. பொடியாக நறுக்கியிருந்ததால் பலர் கண்டுகொள்ளவில்லை.

கிறிஸ்துமஸ் இருவருக்குமே சொந்தப் பண்டிகை இல்லை. ஊரே கடையடைத்த நாளில், "உள்ளே வராதே" என்று சட்டம் தடுத்த மக்கள்தான் கதவைத் திறந்து வைத்தார்கள். 1943-இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. வழக்கம் இன்றும் தொடர்கிறது.

இந்தப் பொங்கலுக்கு ஹோட்டலுக்குப் போனால், இலை போடும் பிள்ளையிடம் "உனக்கு எந்த ஊருப்பா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.